சிரிம்பா மலைப் பதிவேடு

கிஷாண்டா மலை
நவம்பர் 12

அன்புள்ள அக்கா நிசிமிரேக்கு,

தங்கை சிபலோன்சா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். உன் இருமல் எப்படி இருக்கிறது? கல் பிரிக்கும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்கிறாயா?

இது உன் கைக்கு வந்திருந்தால் நான் போட்ட திட்டம் சரி. ஆகஸ்டில் துப்பாக்கிக்காரர்கள் மலையைப் பிடித்த அன்றே எல்லோருடைய போன்களையும் வாங்கிக்கொண்டார்கள். ஆற்றுப் பாலத்தில் குறுக்கே மரத்தைப் போட்டு நிற்கிறார்கள். மேலே வருகிறவர்களை ஒன்றும் கேட்பதில்லை. கீழே போக ஒருவரையும் விடுவதில்லை. போன வாரம் பிரசவ வலி எடுத்த பெண்ணையும் திருப்பி அனுப்பினார்கள். "இங்கயே பெத்துக்கட்டும். பொறக்கிற பிள்ளைக்கும் ஒரு மண்வெட்டி குடுப்போம்" என்று ஒருவன் சொன்னான். மற்றவர்கள் சிரித்தார்கள்.

தடையில்லாமல் பாலம் தாண்டுவது குழியில் தோண்டும் கோல்டான் கல் மூட்டைகள் மட்டும்தான். வாயைக் கட்டி பிளாஸ்டிக் அடையாள வில்லையை மாட்டிவிட்டால், புகாவுவில் உங்கள் கிடங்கு வரை யாரும் பிரிக்கக் கூடாதாம். அதனால் கடிதத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி மூட்டைக்குள் வைத்து, சாக்கின் ஓரத்தைச் சிவப்பு நூலால் தைத்தேன். உனக்கு அந்த நூல் தெரியும், அம்மாவின் பெட்டியில் இருந்தது.

ஜூன் பதினேழு புகாவுவில் அரசுத் தேர்வு. எங்கள் கடைசி வகுப்பில் பதினோரு பேர். எப்படியாவது அதற்குள் இறங்கிவிட வேண்டும். மற்ற எதுவும் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

அப்பா உன்னை விசாரித்தார். பதிலைக் காலிச் சாக்குக் கட்டில் வை. கிழிந்தவற்றைத் தைப்பது நாங்கள்தான்.

உன் தங்கை,
சிபலோன்சா


புகாவு
நவம்பர் 27

என் சிபா,

நான் சௌக்கியம் என்றே வைத்துக்கொள். இருமல் பழகிவிட்டது, அதற்கும் நான் பழகிவிட்டேன்.

சிவப்பு நூலைப் பார்த்ததும் கடிதத்தை உருவி மடியில் செருகிக்கொண்டேன். பக்கத்தில் உட்கார்ந்து கல் பொறுக்குகிறவள், "என்னடி, தங்கம் கிடைச்சிடுச்சா?" என்றாள். "ஆமா, ஒரு பிடி" என்றேன். கழிப்பறையில் உட்கார்ந்து மூன்று முறை படித்தேன்.

ஒன்று கேட்கிறேன். அந்த மூட்டையின் வில்லையில் "சிரிம்பா மலை" என்று இருந்தது. சிரிம்பா இங்கிருந்து எதிர்த்திசை. அங்கே சண்டை இல்லை, அதனால் அந்த மலைக் கல்லை மட்டும் வெளிநாட்டுக்காரர்கள் வாங்குகிறார்கள். உங்கள் கல்லுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது? இங்கே யாரிடமும் கேட்கவில்லை. கேட்கக்கூடியவர்கள் நான்கு பேர். நான்கு பேரும் பதிலைத் தெரிந்து வைத்திருப்பவர்கள்.

தேர்வுக்கு உன் பெயரைக் கொடுத்துவிட்டேன். உன் இடம் காத்திருக்கிறது. அப்பாவைக் குழிக்குள் இறங்க விடாதே. அவர் முழங்காலை நினைத்துக்கொள்.

முத்தங்களுடன்,
நிசிமிரே


கிஷாண்டா மலை
டிசம்பர் 11

அன்புள்ள அக்காவுக்கு,

இருவரும் சுகம். உன் கடிதம் கிடைத்த அன்று இரட்டிப்புச் சுகம்.

வில்லைகளை மாதம் ஒருமுறை ஒரு மோட்டார்சைக்கிள்காரன் கொண்டுவருகிறான். தாள் பொட்டலத்தில், தபால் தலை மாதிரி. அஃபாந்தே, அதாவது இவர்களுடைய தலைவர், அவற்றைத் தன் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறார்.

ஊரைப் பார்த்தால் உனக்கு அடையாளம் தெரியாது. வாழைத்தோப்பு முழுக்கக் குழி. ஆறு செங்கல் கரைத்த நிறம். அந்தத் தண்ணீரில் அவித்த பீன்ஸ் பல்லில் நறநறவென்கிறது. ஓரத்தில் ஒரு நண்டுகூட இல்லை. முன்பு சலோங்கோ என்ற பொதுவேலை நாளில் ஊர் கூடிப் பாதையைச் செதுக்கிவிட்டு வாழைச் சாராயம் குடித்துக் கலைவோமே, இப்போது சலோங்கோ என்றால் வியாழக்கிழமை தோறும் வீட்டுக்கு ஒருவர் அஃபாந்தேக்காகத் தோண்ட வேண்டும். வராத வீட்டின் கதவைக் கழற்றிக்கொண்டு போகிறார்கள்.

பள்ளிக்கூடத்துக்கு அடியிலும் கல் இருக்கிறதாம். நாங்கள் மேலே படிக்க, கீழே சுரங்கம் போகிறது. நேற்று பெஞ்சு ஆடியது. பிசிம்வா சார் தரையில் பிரம்பால் தட்டி, "ஏய், கீழ இருக்கிறவங்களே! மெதுவாக் குத்துங்க. இங்க பாடம் நடக்குது" என்றார். மண்ணுக்கு அடியிலிருந்து ஒரு குரல்: "வாத்தியாரே, உங்க பாடத்தை முடிச்சுட்டுத்தான் நாங்க இங்க வந்து சேர்ந்தோம்!" போன வருடம் அரசுத் தேர்வில் முதல் வகுப்பில் தேறிய முகிஷோவின் குரல். சார்தான் எல்லோரையும்விட அதிகம் சிரித்தார். பிறகு கரும்பலகையைத் துடைத்துவிட்டு அதே வரியை மறுபடி எழுதினார்.

வியாழக்கிழமைகளில் நம் வீட்டிலிருந்து அப்பா போகிறார். இல்லையென்றால் நான் போக வேண்டும். அவர் விடவில்லை. "என் முழங்கால் என்னோடது, உன் படிப்பு ரெண்டு பேருக்கும் பொது" என்கிறார்.

பூகோளப் புத்தகத்திலிருந்து நதிகள் பாடத்தை மட்டும் எழுதி அனுப்புவாயா? எங்கள் பிரதியில் அந்தப் பக்கங்களில் யாரோ புகையிலை சுருட்டிவிட்டார்கள்.

சிபலோன்சா


புகாவு
ஜனவரி 4

சிபா,

புது வருடம் உங்கள் இருவருக்கும் நல்லதாக விடியட்டும். நதிகள் பாடம் இதோடு இருக்கிறது, ஏழு பக்கம். எழுதி முடித்தபோது எல்லா நதிகளும் எனக்கு மனப்பாடம்.

எனக்குப் பொறுக்கவில்லை. மாதக் கடைசியில் லீவு போட்டுவிட்டு மேலே வரப்போகிறேன். அப்பாவுக்குப் பதிலாக ஒரு வியாழக்கிழமையாவது நான் தோண்டுகிறேன். அவரைப் பார்த்து ஒன்றரை வருடம் ஆகிறது.

நிசிமிரே


கிஷாண்டா மலை
ஜனவரி 22

அன்புள்ள அக்காவுக்கு,

உன் சுகத்துக்குத் தினமும் வேண்டிக்கொள்கிறேன். நாங்கள் சுகம். அப்பா உனக்கு ஆசி சொல்கிறார்.

நீ வரக் கூடாது. இதை முதலில் எழுதிவிடுகிறேன். வருகிறவர்கள் இறங்க முடியாது என்று முதல் கடிதத்திலேயே சொன்னேனே. ஒரு அத்தை ஒரு வாரத்துக்கென்று வந்தவள், நவம்பரிலிருந்து மண் சுமக்கிறாள். எந்தக் காரணத்துக்காகவும் வராதே. யார் என்ன சொல்லி அனுப்பினாலும் வராதே.

போன வாரம் பெரிய மழை. மலையின் ஒரு பக்கம் கொஞ்சம் சரிந்தது. பள்ளிக்கூடத்தில் பாதி போய்விட்டது. மீதிப் பாதியில் வகுப்பு நடக்கிறது, வெளிச்சத்துக்குக் குறைவில்லை.

எனக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள். மூட்டைகளுக்குப் பதிவேடு எழுதிக்கொண்டிருந்த கணக்கர் ஆற்றில் இறங்கி ஓடிவிட்டார். அஃபாந்தே பள்ளிக்கு வந்து எல்லோருடைய நோட்டுகளையும் புரட்டினார். என் நோட்டில் நின்றார். "இது யார் கையெழுத்து? அச்சடிச்ச மாதிரி இருக்கே" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது அக்கா. ஒரு நிமிடம் உண்மையாகவே பெருமையாக இருந்தது.

இனி நம் வீட்டிலிருந்து யாரும் வியாழக்கிழமை தோண்ட வேண்டியதில்லை.

சிபலோன்சா


புகாவு
பிப்ரவரி 9

சிபா,

இங்கே எல்லாம் வழக்கம்போல். மலை "கொஞ்சம்" சரிந்தது என்கிறாய். சந்தையில் முப்பது பேர் என்கிறார்கள். இன்னொருத்தி அறுபது என்கிறாள். வானொலியில் ஒன்றுமே இல்லை. யார் யார் என்று எழுது.

அப்பாவை இரண்டு வரி எழுதச் சொல். என்ன வேண்டுமானாலும் எழுதட்டும். என்னைத் திட்டியாவது எழுதட்டும்.

நிசிமிரே


கிஷாண்டா மலை
மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். உன் இருமலுக்கு இஞ்சியைச் சுட்டுச் சாப்பிடு. அப்பாவுக்குக் கையில் அடிபட்டிருக்கிறது, பேனா பிடிக்க வரவில்லை. ஆறிவிடும்.

பதிவேடு எப்படி எழுதுவது என்று சொல்கிறேன், நீ சிரிப்பாய். ஒவ்வொரு மூட்டைக்கும் வில்லை எண், எடை, மலையின் பெயர், தோண்டியவர் பெயர். மலை என்றால் எப்போதும் சிரிம்பா. முதல் நாள் நான் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"என்ன யோசிக்கிற? பேர் எழுது" என்றார் அஃபாந்தே.

"யார் பேரு, அஃபாந்தே?"

"சிரிம்பாவுல தோண்டுறவன் பேரு."

"எனக்கு சிரிம்பாவுல யாரையும் தெரியாதே."

"எனக்கு மட்டும் தெரியுமா? நீ படிச்ச பிள்ளைதானே. நீயா ஒண்ணு போடு."

எனக்குப் பெயர்கள் வரவே இல்லை. கட்டுரை எழுதச் சொன்னால் எழுதுவேன், இல்லாத ஆளை உண்டாக்க வரவில்லை. வேதாகமத்திலிருந்து போட்டேன். உங்கள் கிடங்கிலிருந்து மோட்டார்சைக்கிள்காரன் அந்தத் தாளைத் திருப்பிக் கொண்டுவந்தான். "மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான்னு வரிசையா இருக்கே. இது சுரங்கமா, ஞாயித்துக்கிழமை பள்ளிக்கூடமா?" என்று உங்கள் மேலாளர் கேட்டாராம். நம் பக்கத்துப் பெயர்கள் வேண்டுமாம், பிறந்த வருடத்தோடு.

உயிரோடு இருக்கிறவர்களைப் போட எனக்குப் பயம். நாளைக்கு இந்தப் பொய் பிடிபட்டால் அந்தத் தாளில் இருப்பவனைத்தானே தேடுவார்கள்? அதனால் இறந்தவர்களை எழுதுகிறேன். தேவாலயத்தின் அடக்கப் புத்தகத்தில் பிறந்த வருடமும் இருக்கிறது. அவர்களை இனி யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

அஃபாந்தே திருப்தியாக இருக்கிறார். "ஒழுங்கா எழுதிட்டு இரு. ஜூன்ல உன்னையும் உன் கூட்டாளிங்களையும் பரீட்சைக்கு நானே அனுப்பி வைக்கிறேன்" என்றார். சாட்சிக்கு பிசிம்வா சாரும் இருந்தார். அதனால் தப்பில்லாமல் எழுதுகிறேன். பதினோரு பேருக்காகவும் எழுதுகிறேன்.

சிபலோன்சா


புகாவு
ஏப்ரல் 15

சிபா,

சுகமாக இரு.

நேற்று மேலாளர் அறையைத் துடைக்கச் சொன்னார்கள். பதிவேட்டுத் தாள்கள் மேசைமேல் இருந்தன. உன் எழுத்து எனக்குத் தெரியாதா? ஒரு கோணல் இல்லை. என் பள்ளித்தோழி பஹிசிரேயின் தாத்தா முதல் பக்கத்தில் இருக்கிறார். முகிஷோ இரண்டாம் பக்கத்தில் இருக்கிறான்.

அதே பக்கம், பதினான்காம் வரி. பலகிசி. நம் அப்பாவின் பெயர், பிறந்த வருடமும் சரியாக இருக்கிறது.

இறந்தவர்களை மட்டும்தான் எழுதுகிறேன் என்றாய். நான் கேட்க வேண்டியதை நீயே புரிந்துகொள்வாய். அது தவறி விழுந்த வரி என்று எழுது. தூக்கத்தில் எழுதிவிட்டேன் என்று எழுது. நம்புகிறேன்.

இன்னொன்று. தலைநகரிலிருந்து ஆய்வாளர் ஒருவர் வருகிறாராம். சிரிம்பாவில் அத்தனை கல் இருக்கிறதா என்று அவருக்குச் சந்தேகம். ஜாக்கிரதையாக இரு.

அக்கா


புகாவு
மே 2

சிபா,

எட்டு மூட்டை வந்தது. எதிலும் சிவப்பு நூல் இல்லை. சுகமா என்று ஒரு சொல் போதும்.

அக்கா


புகாவு
மே 29

சிபா,

பத்து அடி. கிடங்கில் அவ்வளவுதான் நமக்கு நடுவில் இருந்தது. நீ என்னைப் பார்த்தாய். பார்த்த உடனே தரையைப் பார்த்தாய்.

ஆய்வாளர் பிடிவாதமாக, பதிவேடு எழுதியவர் நேரில் வந்தால்தான் கையெழுத்துப் போடுவேன் என்று சொல்லியிருந்தார். அது நீ என்று தெரிந்ததிலிருந்து நான் தூங்கவில்லை. இறக்கிவிட்டார்களே, தானாகவே இறக்கிவிட்டார்களே என்று ஆடினேன். பின்கட்டில் தேநீர் போடும் அம்மாளிடம் சொல்லிக் கதவைத் திறந்து வைத்தேன். சந்துக்குள் ஒரு மோட்டார்சைக்கிள் நின்றது. உன்னோடு வந்த இருவரும் துப்பாக்கியை மறைக்கக் கோட்டு போட்டு, வெயிலில் வியர்த்துக்கொண்டு வாசலில் நின்றார்கள். நீ பின்பக்கம் நான்கு எட்டு வைத்திருந்தால் போதும்.

ஆய்வாளர் நல்லவர் மாதிரிதான் இருந்தார். உனக்கு நாற்காலி போட்டார். ஒவ்வொரு பெயராகப் படித்தார். நீ "ஆமாங்க ஐயா, தெரியும்" என்றாய். முகிஷோவை "நல்லா படிப்பான்" என்றாய். சல்லடையை ஆட்டிக்கொண்டு நாங்கள் பன்னிரண்டு பெண்கள் கேட்டுக்கொண்டிருந்தோம்.

"பலகிசி. இந்த வயசுல தோண்டுறாரா?"

"ஆமாங்க ஐயா."

"கடைசியா எப்போ பார்த்த?"

"நேத்து. தண்ணி கேட்டாரு, குடுத்தேன்."

உன் குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. என் சல்லடைதான் கீழே விழுந்தது. ஆய்வாளர் முத்திரை குத்தினார். நீ எழுந்து அவர்களோடு முன்வாசல் வழியாகவே போய் வண்டியில் ஏறினாய்.

ஏன் ஓடவில்லை? என்னிடம் வர என்ன பயம்?

அவர் இல்லையென்றால் இல்லையென்று சொல். மகள் போய்க் கல்லறையில் மண் தள்ளாமல் துக்கப் பாயைச் சுருட்டக் கூடாது. நான் மூத்தவள். திங்கட்கிழமை காலிச் சாக்கு லாரியில் ஏறிவிடலாமென்று இருந்தேன். உன் பதிலுக்காக மட்டும் ஒரு மாதம் பொறுக்கிறேன்.

அக்கா


கிஷாண்டா மலை
ஜூன் 13

என் அக்காவுக்கு,

நான் சுகம். நான் மட்டும் சுகம்.

அப்பா ஜனவரி பதினேழாம் தேதி போய்விட்டார். வியாழக்கிழமை. அன்று எங்களுக்கு மாதிரித் தேர்வு. மழை கொட்டியதால் நான் குழிக்குப் போகிறேன் என்றேன். "நீ போய் எழுது. குழி எங்கயும் ஓடிப் போயிடாது" என்றார். நான் வரலாற்றுத் தாளில் மூன்றாம் கேள்வியில் இருந்தேன். பெஞ்சு எப்போதும்போல ஆடியது. யாரும் எழவில்லை. பிறகு வகுப்பின் அந்தப் பக்கச் சுவர் இல்லை, வெறும் வானம்.

நாற்பத்திரண்டு பேர் அக்கா. நானும் பிசிம்வா சாரும் சேர்ந்து எண்ணினோம். ஒன்பது பேரின் உடலைத்தான் எடுத்தோம். அப்பா அந்த ஒன்பதில் இல்லை. மறுநாள் மற்றவர்களைத் தேடத் தோண்டப் போனபோது, அஃபாந்தே அந்தச் சரிந்த மண்ணில் கல் அதிகமாக இருக்கிறது என்று கண்டுபிடித்தார். அதை அவர் ஆட்கள் மூட்டை கட்டத் தொடங்கினார்கள். அந்த மண்ணிலிருந்து வந்த மூட்டைகளும் உன் சல்லடைக்குத்தான் வந்தன. இதை எழுதாமலே இருந்திருக்கலாம். ஆனால் இனி உன்னிடம் எதையும் மறைப்பதில்லை என்று தீர்மானித்துவிட்டேன்.

சொன்னால் நீ மண் தள்ள வருவாய், வந்தால் இறங்கமாட்டாய். அதனால்தான் சொல்லவில்லை. தள்ளுவதற்குத் தனியாக மண்ணும் இல்லை அக்கா, அவர்மேல் மலையே இருக்கிறது. பதினான்காம் வரி தவறி விழுந்தது இல்லை. சிலுவை இல்லை, அடக்கப் புத்தகத்திலும் ஏற்றவில்லை, பாதிரியார் அதற்கு முன்பே போய்விட்டார். அப்பா பெயர் எங்காவது ஒரு இடத்தில் நல்ல எழுத்தில் இருக்கட்டும் என்று எழுதினேன். அந்தத் தாள் உன் கண்ணில் படும் என்று எனக்குத் தெரியாது.

ஏன் ஓடவில்லை என்று கேட்டாய். பின்கதவைப் பார்த்தேன். தேநீர் அம்மாள் தலையை ஆட்டிக் கூப்பிட்டதையும் பார்த்தேன். நான் கிளம்பிய காலையில் என் வகுப்பில் மற்றப் பத்துப் பேரையும் பிசிம்வா சாரையும் தகரக் கிடங்கில் வைத்துப் பூட்டி, சாவியை அஃபாந்தே தன் கழுத்தில் மாட்டிக்கொண்டார். "சும்மா இருக்கட்டும். நீ திரும்பி வந்ததும் திறந்துடறேன்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் திரும்பும்போது வெயில் இறங்கியிருந்தது. உள்ளே தண்ணீர் இல்லை. சார் பிள்ளைகளிடம் நீ எழுதி அனுப்பிய நதிகளை ஒப்புவிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நாளை மறுநாள் கிளம்பினால்தான் தேர்வுக்குப் போய்ச் சேர முடியும். காலையில் போய்க் கேட்டேன். அஃபாந்தேக்கு மறதி இல்லை, ஒப்புக்கொண்டார்.

"சொன்னேன்தான். அப்போ நீ இவ்வளவு நல்லா எழுதுவேன்னு தெரியாது. முத்திரையே வாங்கிட்டு வந்துட்ட! உன்னை எப்படிம்மா விடறது?"

"மத்த பத்துப் பேரையாவது அனுப்புங்க, அஃபாந்தே."

"அவங்க போயிட்டா நீ எதுக்கு இங்க இருப்ப?"

அவர் சொன்னது சரி. திரும்பி வந்து பதிவேட்டைத் திறந்தேன்.

நீ அங்கேயே துக்கப் பாயை விரி. உன் வாடகை அறையில், ஜன்னலுக்குக் கீழே. தேநீர் அம்மாளைத் துணைக்குக் கூப்பிட்டுக்கொள். ஒரு கை மண்ணை வாசலில் போடு, அப்பா ஏற்றுக்கொள்வார். மேலே வந்தால் அஃபாந்தேயின் கழுத்துக் கயிற்றில் இன்னொரு சாவி ஏறும், அவ்வளவுதான். ஆய்வாளரிடம் உண்மையைச் சொல்லலாமா என்று நீ நினைப்பாய். நானும் தினமும் நினைக்கிறேன். சொன்னால் லாரி நிற்கும். லாரி நின்றால் இவர்கள் முதலில் யாரிடம் வருவார்கள் என்றும் நினைக்கிறேன். எது சரி என்று என் எந்தப் புத்தகத்திலும் இல்லை. நீ தீர்மானி. எது செய்தாலும் உன்மேல் எனக்கு வருத்தம் இருக்காது.

முத்திரை கிடைத்ததிலிருந்து மூட்டைகள் இரண்டு மடங்காகிவிட்டன. ஒரே ஆள் எத்தனை மூட்டைதான் தோண்டுவான் என்று கிடங்கில் கேட்பார்களாம், புதிய பெயர்கள் வேண்டுமாம். அடக்கப் புத்தகம் தீர்ந்துவிட்டது. நாற்பத்திரண்டு பேரும் தீர்ந்துவிட்டார்கள். இன்று மதியம் வெகுநேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு உயிரோடு இருக்கிறவர்களை எழுதத் தொடங்கினேன். என் வகுப்பிலிருந்து தொடங்கினேன், வருகைப் பதிவில் இருக்கும் வரிசைப்படி. என் பெயர் ஏழாவது.

இருமலைக் கவனித்துக்கொள். மூக்கில் துணி கட்டிக்கொள்.

உன் தங்கை,
சிபலோன்சா பலகிசி